கைவேலை நகைக்குச் செய்கூலி கிடையாதா?

பட்டு நூல் வளையல், சுடுமண் ஜிமிக்கி, குவில்லிங் தோடு, மணி கோத்த ஆரம் என்று ஏதாவது ஒன்றைக் கையால் செய்யக் கற்றுக்கொண்ட பெண்ணுக்கு நம் ஊரில் உடனே ஓர் அறிவுரை கிடைத்துவிடும். "வீட்டுல சும்மா இருக்கிற நேரத்துல செஞ்சு விக்கலாமே. பெரிய முதலீடு வேண்டாம். பொருளுக்கு எவ்வளவு ஆச்சோ அதுக்கு ரெண்டு மடங்கு விலை வை. ஆரம்பத்துல லாபம் பார்க்காதே, ஆள் சேர்ந்த பிறகு தானா வரும்." பெண்கள் பத்திரிகைகளின் சுயதொழில் பக்கத்திலும் யூடியூப்பிலும் பயிற்சி வகுப்புகளிலும் சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களிலும் இதே பேச்சுதான். சொல்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் இதில் ஒவ்வொரு வாக்கியமும் தவறு. உற்சாகமாகத் தொடங்கிய பெண்கள் சில மாதங்களில் நூல்கண்டுகளையும் கல் பாக்கெட்டுகளையும் பரணில் ஏற்றிவிடும்போது, அவர்களுக்கு விற்கத் தெரியவில்லை என்று சொல்லிவிடுகிறோம். விற்கத் தெரியாமல் அல்ல, விற்க விற்க நஷ்டப்பட்டுத்தான் பலர் ஓய்ந்துபோகிறார்கள் என்பது என் வாதம்.

முதல் வாக்கியத்திலிருந்தே தொடங்குகிறேன். சும்மா இருக்கிற நேரம் எது? 2019-ல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுக்க நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. ஒரு நாளின் நிமிடங்கள் எந்தெந்த வேலைக்குப் போகின்றன என்று வீடு வீடாகக் கேட்டு எழுதினார்கள். சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார். அதே வேலைகளைச் செய்யும் ஆணுக்கு 97 நிமிடம். குழந்தையையும் வயதானவரையும் பார்த்துக்கொள்வது இதில் சேரவில்லை, அதற்குத் தனிக் கணக்கு. ஏறத்தாழ ஐந்து மணி நேரம் சமைத்து, துவைத்து, பெருக்கி முடித்தவரைப் பார்த்துத்தான் நாம் "சும்மா" என்கிறோம். அவர் வளையல் சுற்றுவது இரவு சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகு. அல்லது விடியற்காலையில், பால் காய்ச்சுவதற்கு முன்னால். அந்த நேரம் அவருடைய தூக்கத்திலிருந்தும் ஓய்விலிருந்தும் எடுத்தது. அலுவலகத்தில் அதே நேரத்துக்கு ஓர் ஆணை உட்காரவைத்தால் மிகைநேரக் கூலி கேட்பார். கேட்பது அவர் உரிமை என்று நாமும் ஒத்துக்கொள்வோம்.

அடுத்தது இரண்டு மடங்கு விலை. இதைக் கணக்குப் போட்டே பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்தச் சூத்திரம் கேட்பதற்குத் தாராளமாகத் தெரிகிறது. நூறு ரூபாய்ப் பொருள் இருநூறுக்குப் போகிறது என்றால் நூற்றுக்கு நூறு லாபம் அல்லவா என்று தோன்றும்.

ஒரு செட் பட்டு நூல் வளையலை எடுத்துக்கொள்வோம். அடி வளையல், நூல், ஜரிகை லேஸ், கல் பதித்த செயின், குந்தன் கல், பசை எல்லாம் சேர்த்து 120 ரூபாய் ஆகிறது, 250 ரூபாய்க்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். டப்பா, பபிள் ராப், வீணான நூல், ஒட்டாமல் போன கல் இவற்றுக்கு ஒரு 25 ரூபாய். மீதி 105. இனி நேரம். இருபது முப்பது இழைகளைச் சேர்த்துப் பிடித்து, இழை பிரியாமல், ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல், பசை வெளியே தெரியாமல் சுற்ற வேண்டும். ஒரு வளையலில் சுருக்கம் விழுந்தாலும் பிரித்து மறுபடி சுற்ற வேண்டும். சுற்றியது உலர்ந்த பிறகே கல் ஒட்ட முடியும். ஒரு செட்டுக்கு நான்கு மணி நேரம் என்பது கை பழகியவருக்கு. புடவையின் போட்டோவைப் பார்த்து நிறம் பேசுவது, அளவு கேட்பது, படம் எடுத்து அனுப்புவது, பொதி கட்டிக் கூரியர் கடைக்குப் போய் வருவது எல்லாம் சேர்ந்து இன்னொரு மணி நேரம். ஐந்து மணி நேரத்துக்கு 105 ரூபாய். மணிக்கு 21. எட்டு மணி நேர நாளுக்கு 168 ரூபாய்.

2024-25-ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட தினக்கூலி 319 ரூபாய். அரசு தரும் கூலிகளிலேயே குறைவான ஒன்று என்று எல்லோரும் குறைப்படும் கூலி அது. நுணுக்கமான கைத்தொழில் தெரிந்த பெண் அதில் பாதியைச் சற்றே தாண்டுகிறார். இதற்குப் பெயர் லாபம் என்று யார் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது?

"குறைந்த விலைக்குக் கொடுத்தால் நிறைய விற்கும், அளவில் பிடித்துக்கொள்ளலாம்" என்பார்கள். துணிக்கடைக்கும் மளிகைக் கடைக்கும் பொருந்துகிற இந்த யோசனை கைவேலைக்குப் பொருந்தாது. வாங்கி விற்பவருக்கு நூறு உருப்படி விற்பதற்கும் இருநூறு விற்பதற்கும் உழைப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. கையால் செய்பவருக்கு இரண்டாவது செட்டுக்கும் முதல் செட்டுக்கு ஆன அதே நேரம் ஆகும். பக்கத் தொழிலாகச் செய்பவருக்கு ஒரு நாளில் கிடைப்பது இரண்டு மணி நேரம் என்றால் மாதத்துக்கு அறுபது மணி நேரம், அதாவது பன்னிரண்டு செட். ஆர்டர் எத்தனை குவிந்தாலும் பன்னிரண்டுதான். 250 ரூபாய் விலையில் மாதம் முழுக்கக் கண்விழித்தால் அவர் கையில் நிற்பது 1,260 ரூபாய். 2023 செப்டம்பர் 15-ஆம் தேதி மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாயாகத் தொடங்கியதை நினைத்துப் பாருங்கள். பெண்கள் வீட்டில் செய்யும் கூலியில்லா உழைப்பை அங்கீகரிக்கிறோம் என்று சொல்லித்தான் அரசு அதைக் கொடுக்கிறது. ஓர் அரசுத் திட்டம் ஒத்துக்கொண்ட உண்மையை, அவர் பக்கத்தில் நின்று விலை சொல்லிக்கொடுக்கும் நாம் ஒத்துக்கொள்ள மறுக்கிறோம்.

அதே செட்டை 450 ரூபாய்க்கு விற்றால் மாதம் 3,660. அதற்கு அவர் ஒரு வளையல்கூடக் கூடுதலாகச் சுற்ற வேண்டியதில்லை. நேரம் கூட்ட முடியாத தொழிலில் விலை ஒன்றுதான் வருமானத்தைக் கூட்டும். வளைகாப்புக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க நூறு ஜோடி ஒரே நிறத்தில் கேட்பது போன்ற ஆர்டர்கள் விதிவிலக்கு. நிறம் பேச வேண்டாம், ஒரே வேலையைத் தொடர்ந்து செய்வதால் கை வேகம் பிடிக்கும், அங்கே உருப்படிக்கு விலை குறைக்கலாம். அதுவும் எவ்வளவு நேரம் மிச்சமாயிற்று என்று பார்த்துக் குறைப்பது. கேட்டவர் முகத்துக்காகக் குறைப்பது வேறு.

இவ்வளவு சொன்ன பிறகும் எதிர்ப்பக்கம் ஒரு கேள்வியைக் கையில் வைத்திருக்கிறது: இந்த விலையை யார் கொடுப்பார்கள்? "வளையலுக்கு 450 ரூவாயா? ரங்கநாதன் தெருவுல இந்தக் காசுக்கு மூணு செட் வாங்கலாமேக்கா!" என்று கேட்கத்தான் செய்வார்கள். கேட்பவர் பொய் சொல்லவில்லை. மும்பையிலிருந்தும் ராஜ்கோட்டிலிருந்தும் சீனாவிலிருந்தும் அச்சிலும் இயந்திரத்திலும் வார்த்துக் குவிக்கும் ஃபேஷன் நகை அந்த விலைக்குக் கிடைக்கிறது. அந்த விலையோடு போட்டியிட ஒரு தனிப் பெண்ணின் இரண்டு கைகளால் முடியாது, முயலவும் கூடாது. ரங்கநாதன் தெரு விலையில் வேண்டும் என்பவர் ரங்கநாதன் தெருவில் வாங்கட்டும். அவரை இழந்தால் தொழில் போய்விடும் என்ற பயம்தான் இந்தப் பெண்களைப் பிடித்து ஆட்டுகிறது. அவரைப் பிடித்துவைத்தால் என்ன ஆகும் என்பதை மேலே கணக்காகப் பார்த்தோம்.

நாகர்கோவிலில் உள்ள வடசேரியைப் பாருங்கள். வெள்ளித் தகட்டில் உருவம் செய்து, அரக்கு நிரப்பி, கெம்புக் கல் பதித்து, தங்க ரேக்கு அழுத்திச் செய்யும் கோயில் நகைக்குப் பேர்போன இடம். நாகர்கோவில் கோயில் நகை என்று அதற்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. அச்சு அசலாக அதே தோற்றத்தில் வார்ப்பு நகை கால்வாசிக்கும் குறைந்த விலையில் கடைகளில் தொங்குகிறது. வடசேரியில் இந்த வேலை செய்யும் குடும்பங்கள் குறைந்துவிட்டன என்பது வருத்தமான உண்மை. ஆனால் இன்னும் தாங்கி நிற்பவர்கள் வார்ப்பு நகை விலைக்கு இறங்கிப் போய் நிற்கவில்லை. பரதநாட்டியக் கலைஞர் தலைசாமானும் சூரியப் பிரபையும் சந்திரப் பிரபையும் வாங்க வருகிறார். மேடையில் ஆண்டுக்கணக்கில் அணிந்தாலும் கல் கழலக் கூடாது, கழன்றால் திருப்பிக் கொடுத்துப் பதித்துக்கொள்ள ஆள் இருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அதற்காகக் கொடுக்கிறார். இந்தத் தொழிலுக்கு உயிர் கொடுப்பது அப்படி வித்தியாசம் தெரிந்து வாங்குபவர்தான்.

வீட்டில் நகை செய்யும் பெண்ணுக்கும் அப்படி வாங்குபவர் உண்டு. பொன்வண்டு நிறப் பட்டுப்புடவைக்குச் சரியாக இழையும் வளையல் எந்தத் தெருக்கடையிலும் தயாராகக் கிடைக்காது. இரண்டே கால் அளவுக் கைக்கும் இரண்டே முக்கால் அளவுக் கைக்கும் ஒரே டிசைனில் தாய்க்கும் மகளுக்கும் வேண்டுமென்றால் கடையில் கிடைக்காது. காது கனம் தாங்காதவருக்குப் பெரிதாகவும் எடை குறைவாகவும் ஜிமிக்கி வேண்டும் என்றால் காகிதச் சுருளில் செய்பவரிடம்தான் வர வேண்டும். பொருத்தம் பார்த்துச் செய்து தருவதுதான் அவர் விற்கும் சரக்கு. அதைத் தெருக்கடை விலையில் விற்கும்போது, எது தன்னிடம் மட்டும் இருக்கிறதோ அதை இலவசமாகக் கொடுத்துவிட்டு, எது எங்கும் கிடைக்குமோ அதற்கு மட்டும் காசு வாங்குகிறார்.

நகைக்கடையில் நாம் நடந்துகொள்ளும் விதத்தை இங்கே கொஞ்சம் யோசிக்க வேண்டும். தங்கத்தின் விலைக்கு மேல் செய்கூலி, சேதாரம் என்று சேர்த்துத்தான் பில் வருகிறது. சதவீதத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்போமே தவிர, ஆசாரியின் உழைப்புக்கு ஏன் காசு என்று எவரும் கேட்பதில்லை. ராவும்போதும் உருக்கும்போதும் பொன் குறையும், அதை வாங்குபவர்தான் ஏற்க வேண்டும் என்பதும் தலைமுறை தலைமுறையாக ஒப்புக்கொண்ட வழக்கம். சுடுமண் நகை செய்பவருக்குச் சேதாரம் இல்லையா? மண்ணைச் சலித்து, பிசைந்து, உருவம் கொடுத்து, நிழலில் நாள்கணக்கில் உலர்த்த வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் விரிசல் விடும். உள்ளே ஈரம் நின்றுவிட்டால் சுடும்போது வெடிக்கும். ஜிமிக்கி ஜோடியில் ஒன்று வெடித்தால் இரண்டுமே போன மாதிரி, ஏனென்றால் அதே அளவில், அதே நிறத்தில் சுட்டெடுப்பது மறுபடி முதலிலிருந்து தொடங்குவது. இந்த நஷ்டம் எந்த விலையிலும் ஏறுவதில்லை. மண்தானே, வண்டி வண்டியாகக் கிடைக்கிறதே என்று வாங்குபவர் சொல்கிறார். செய்தவரும் தலையாட்டுகிறார். பொன்னுக்கு ஒரு நியாயம், மண்ணுக்கு ஒரு நியாயம் என்பதைவிட, கடைக்குள் உட்கார்ந்திருக்கும் தொழிலுக்கு ஒரு நியாயம், வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு ஒரு நியாயம் என்பதே இதில் எனக்குத் தெரிகிறது. இதை என்னால் ஏற்க முடியவில்லை.

விலையைக் குறைப்பவர் கடைசியில் பொருளையும் குறைக்கிறார். கூலியில் கைவைத்தும் கட்டாதபோது அடுத்து எங்கே கைவைப்பது? காது கொக்கியில். மொத்தக் கடையில் எடைக்கு அள்ளித் தரும் கொக்கிகளில் நிக்கல் கலந்தவை உண்டு. சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாமல் காது அரித்து, நீர் கோத்துப் புண்ணாகும். ஐரோப்பிய ஒன்றியம் தோலில் படும் நகையிலிருந்து எவ்வளவு நிக்கல் வெளியாகலாம் என்பதற்கே வரம்பு கட்டியிருக்கிறது. வெள்ளிக் கொக்கியோ தரமான எஃகுக் கொக்கியோ போட்டால் ஜோடிக்குச் சில பத்து ரூபாய் கூடும். நூறு ரூபாய் ஜிமிக்கியில் அதற்கு இடமில்லை. முன்னூறு ரூபாய் ஜிமிக்கியில் இருக்கிறது.

"அவளுக்குப் பிடிச்சுச் செய்யிறா, மனசுக்கு நிம்மதியா இருக்கு, அதுல போய் கூலிக் கணக்குப் பார்க்கணுமா?" இதுதான் எதிர்ப்பக்கத்தின் வலுவான வாதம், ஏனென்றால் இதில் உண்மை இருக்கிறது. நூலைக் கையில் எடுத்தால் மனம் அடங்குகிறது என்று சொல்லும் பெண்களை எனக்குத் தெரியும். அந்த நிம்மதிக்கு நான் விலை போடவில்லை. தங்கை மகளுக்குச் செய்து கொடுக்கட்டும், தோழிக்குப் பிறந்தநாளுக்குக் கொடுக்கட்டும், தானே போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போகட்டும். எல்லாப் பொழுதுபோக்கும் தொழிலாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் விலை என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் அது அவரோடு நிற்பதில்லை. கணவர் சம்பளத்தில் வீடு ஓடுகிற பெண் 250 ரூபாய்க்குக் கொடுத்துவிட முடியும். பக்கத்துத் தெருவில், கணவரை இழந்து அதே வளையலை நம்பிப் பிள்ளைகளைப் படிக்கவைக்கிற பெண்ணால் முடியாது. "அந்த அக்கா 250-க்குத் தர்றாங்களே" என்ற ஒரு வாக்கியம் அவருடைய கூலியை அறுத்துவிடும். பிடித்துச் செய்பவர் தெரியாமலேயே பிழைப்புக்குச் செய்பவரின் வயிற்றில் அடிக்கிறார்.

வீட்டிலிருந்தே செய்யும் வேலையின் கூலி எவ்வளவு தூரம் கீழே போகும் என்பதற்கு நாட்டில் பழைய சான்றுகள் இருக்கின்றன. உத்தரப் பிரதேசத்தின் ஃபிரோசாபாத்தில் கண்ணாடி வளையலின் இரு முனைகளையும் தீச்சுடரில் உருக்கி ஒட்டுவதும், மேலே அலங்காரம் வைப்பதும் பெருமளவு வீடுகளுக்குள் நடக்கும் வேலை, பெண்கள் உருப்படிக் கூலிக்குச் செய்வது. திருநெல்வேலிப் பக்கம் பீடி சுற்றும் பெண்களும் ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கில் திண்ணையிலும் நடையிலும் உட்கார்ந்து சுற்றியவர்கள்தான். வீட்டில்தானே இருக்கிறாய், சமையலுக்கு நடுவில்தானே செய்கிறாய் என்ற பேச்சு அங்கெல்லாம் கூலியைக் குறைக்கும் கருவியாக இருந்தது. வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கும் மற்றத் தொழிலாளருக்கு இணையான உரிமை வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-ல் 177-ஆம் எண் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியா அதற்கு ஒப்புதல் தரவில்லை. நகை செய்யும் பெண்ணுக்கு மேஸ்திரி இல்லை, முதலாளி இல்லை. அவர்கள் செய்யும் வேலையை, அதாவது கூலியைக் கீழே அழுத்துவதை, அவரே தனக்குச் செய்துகொள்ளும்படி இந்த அறிவுரை சொல்கிறது.

"ஒண்ணுமில்லாததுக்கு இது தேவலையே" என்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். தன் கையில் தன் காசு 1,260 ரூபாய் இருப்பது சிறிய விஷயம் இல்லை என்பது எனக்குத் தெரியும். பஸ் செலவுக்கும் பிள்ளை கேட்கும் நோட்டுக்கும் யாரிடமும் கை நீட்டாமல் இருப்பது ஒரு பெண்ணின் நடையையே மாற்றும். அது அவ்வளவு பெரிய விஷயம் என்பதால்தான் 3,660 கிடைக்க வேண்டிய இடத்தில் 1,260-க்குத் திருப்திப்படச் சொல்லாதீர்கள் என்கிறேன்.

ஆரம்பத்தில் குறைத்துக் கொடு, பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்பதும் நடப்பதில்லை. இந்தத் தொழிலில் முதலில் வாங்குபவர்கள் அக்கம்பக்கமும் உறவும். அவர்கள் சொல்லித்தான் அடுத்தவர் வருகிறார், விலையையும் அவர்களே சொல்லி அனுப்புகிறார்கள். "போன தடவை 250-க்குத்தானே கொடுத்தீங்க" என்று கேட்பவரிடம் விளக்கம் சொல்வது, முதல் நாளே 450 சொல்வதைவிடக் கடினம். அறிமுகச் சலுகை தர வேண்டுமென்றால் விலையை 450 என்று எழுதி, அதில் 50 ரூபாய் கழித்திருக்கிறேன் என்று சொல்லியே கொடுக்கலாம். உண்மையான விலை என்ன என்பது வாங்குபவர் காதில் விழுந்துவிடும்.

இந்த அறிவுரையால் நிச்சயமாகச் சம்பாதிப்பவர்களும் இருக்கிறார்கள். பாரிமுனையிலும் சௌகார்பேட்டையிலும் மணியும் கல்லும் நூலும் மொத்தமாக விற்பவர், கிட் விற்பவர், கட்டணம் வாங்கி வகுப்பு எடுப்பவர், கூரியர்க்காரர், விளம்பரக் காசு வாங்கும் செயலிகள். இவர்கள் யாரும் தங்கள் நேரத்தை இலவசமாகக் கொடுப்பதில்லை. கொடுக்கவும் வேண்டாம். செய்பவர் ஒருவர் மட்டும் ஏன் கொடுக்க வேண்டும் என்பதே என் கேள்வி.

அரசுப் பயிற்சிகளிடமும் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-ல் தருமபுரியில் தொடங்கியதிலிருந்து பெண்களுக்குக் கைத்தொழில் கற்றுக்கொடுப்பதில் நாம் பின்தங்கியதில்லை. மாவட்டந்தோறும் வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் ஃபேஷன் நகை செய்ய 13 நாள் பயிற்சி இருக்கிறது, உணவும் பயிற்சியும் இலவசம். நல்ல ஏற்பாடு. அந்த 13 நாளில் ஒரு முழு நாளை மணிக்கணக்கு எழுதவும் அதைக் கூலியாக்கி விலையில் ஏற்றவும், பேரம் பேசுபவரிடம் மரியாதை குறையாமல் மறுக்கவும் பழக்குவதற்கு ஒதுக்குங்கள். ஒரே ஊரில் முப்பது பேருக்கு ஒரே வளையலைக் கற்றுக்கொடுத்து, ஒருவர் விலையை ஒருவர் வெட்டிக்கொள்ளும்படி விட்டுவிடாதீர்கள். சுய உதவிக் குழுக்களின் பொருள்களை விற்க மாவட்டங்களில் இருக்கும் பூமாலை வணிக வளாகங்களிலும் மதி கண்காட்சிகளிலும் தொங்கும் விலைச்சீட்டில் பொருள் இவ்வளவு, செய்கூலி இவ்வளவு, சேதாரம் இவ்வளவு என்று மூன்று வரி அச்சிடுங்கள். நகைக்கடை பில்லில் படித்துப் பழகிய கண்கள்தான், இதையும் படிக்கும். பேரம் பேச நினைப்பவர் எந்த வரியைக் குறைக்கச் சொல்கிறோம் என்று அந்தச் சீட்டைப் பார்த்தே பேசட்டும்.